ஏரிக்கரை நகரும் அத்தரும்

பெற்றோர் வைத்த பெயர் வேறு; ஊர் வைத்த பெயர் அத்தர். நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்த நாளிலிருந்து அவர் அங்கே பம்ப் ஆபரேட்டர். அந்தப் பட்டத்துக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர், "இந்தத் தண்ணியை அப்படியே குடிக்கலாம்!" என்று முழங்கி, ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துக் காட்டினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அது கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர் என்பது ஊற்றிக் கொடுத்த அத்தருக்கு மட்டும்தான் தெரியும். மோட்டாருக்கு அன்றைக்கு மின் இணைப்பே வந்திருக்கவில்லை.

வந்த பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. ஊரார் குளித்தது, துவைத்தது, சொல்லக் கூசுவது எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். கம்பி வலையில் சிக்கிய துணியையும் முடியையும் வாரிப்போட்டு, தொட்டியில் காற்றடித்து, கசடு படிந்ததும் தெளிந்த நீரை ஆற்றில் விடுவார். ஊரோ அவரைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொள்ளும். மனைவியின் அண்ணன் இன்னும் ஒரு படி மேல். வீட்டுக்குப் போனால், "மாப்பிள்ளை, நீங்க காத்தோட்டமா வாசல்லயே உக்காருங்க" என்பார்.

நிலையத்தின் கடைசித் தொட்டி அகலமானது. கொக்குகள் வந்து நிற்கும். மனை வியாபாரிகள் அதைத் தூரத்திலிருந்து படம் பிடித்து, பக்கத்து நிலத்துக்கு 'ஏரிக்கரை நகர்' என்று பெயர் சூட்டினார்கள். மச்சான் முண்டியடித்து முதல் வீட்டை வாங்கிவிட்டு வந்து நின்றார்.

"ஜன்னலைத் திறந்தா ஏரி, மாப்பிள்ளை! இதோட அருமையெல்லாம் உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

அவர் போனதும் மனைவி பிடித்துக்கொண்டாள். "ஏங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அருமை தெரியாதவன்கிட்ட யாரு கேட்டா?" என்று அத்தர் குப்புறப் படுத்துக்கொண்டார். தலையணைக்குள் சிரித்தது அவளுக்கும் கேட்டது.

காற்று திசை மாறியதும் ஏரிக்கரை நகர் கொதித்தெழுந்தது. புதிய தலைவருக்கும் அங்கே வீடு இருந்ததால் உத்தரவு பறந்து வந்தது: நிலையத்துக்குச் சாக்கடை வரும் மதகை மூடு, அதை நேராக ஆற்றில் விடு, தொட்டியைக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்பு, வாத்து விடு. நிலையம் 'நீர்ப் பூங்கா' ஆனது. அத்தருக்குத் தொப்பியும் பூங்கா காப்பாளர் பதவியும் கிடைத்தன. வாத்துக்குத் தீனி போடுவதுதான் முழுநேர வேலை. போகிறவர் வருகிறவரெல்லாம் வணக்கம் வைத்தார்கள். மச்சான் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சோபாவில் உட்காரவைத்தார். உழைத்தபோது கிடைக்காத மரியாதை சும்மா இருக்கும்போது வந்து குவிகிறதே என்று அத்தருக்கு எரிச்சல்தான். ஆனாலும் சோபா மெத்தென்று இருந்தது. கொஞ்ச காலம் உட்கார்ந்துதான் பார்த்தார்.

ஆறு கறுத்தது. ஏரிக்கரை நகரின் குடிநீர்க் கிணறு அதே ஆற்றில், சற்றுக் கீழேதான் இருந்தது. ஒருநாள் மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"குழாய்ல ஒரே நாத்தம் மாப்பிள்ளை! குழந்தைங்கல்லாம் சுருண்டு கிடக்குதுங்க. யாரு வீட்டுச் சனியனோ!"

"வேற யாரு வீட்டோடதும் இல்ல மச்சான். நம்ம வீட்டோடதுதான். சும்மா ஊரைச் சுத்திட்டுத் திரும்பி வந்திருக்கு."

சொல்லும்போது சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. குழந்தைகள் என்றதும் சோபா சுகமெல்லாம் கசந்துபோயிற்று. நேரே போய்த் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, மதகைத் திறந்து மோட்டாரைப் போட்டார். வாத்துகள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடின.

தலைவர் வந்து குதித்தார். "யாரைக் கேட்டுய்யா திறந்தே?"

"வாத்துங்களைத்தாங்க ஐயா. அதுங்க ஒண்ணும் மறுத்துப் பேசல."

மறுநாள் குழாய்த் தண்ணீர் தெளியத் தொடங்கியது. மதகைத் திறக்க உத்தரவிட்டதே தான்தான் என்று தலைவர் செய்தி கொடுத்தார். வாத்துகள் காணாமல் போனதற்கு விளக்கம் கேட்டு அத்தருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பம்ப் அறைக்கு அவர் திரும்பிவிட்டார், வணக்கங்கள் நின்றுபோயின.

மச்சான், காற்று எதிர்ப்பக்கம் அடித்த ஒரு நாளாகப் பார்த்து வீட்டைக் கைமாற்றிவிட்டார். புதிதாகக் குடிவந்தவர் தோளில் துண்டோடு வேலியோரம் வந்து நின்று, "அண்ணே, இந்த ஏரியில குளிக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா குளிங்க. காலையில நீங்க குளிச்ச தண்ணிதானே?" என்று சொல்லிவிட்டு, அத்தர் கம்பி வலையை வாரத் தொடங்கினார்.