டெலிபோனில் வேலையில்லாத பிள்ளைகள்

1. கடிதம்

எங்களிடம் தையல் படித்து முடித்த பதினைந்து பிள்ளைகளில் ஒருத்திக்கும் வேலையில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை, நிதி தரும் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளவத்தையில் ஒரு பார்மசிக்கு மேல்மாடியில் இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில் நான்தான் பிளேஸ்மன்ட் ஒபிசர். பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுப்பதும் அதைப் பைலில் காட்டுவதும் என் பொறுப்பு. பதின்மூன்று பேர் வேலையில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருத்தி எதிர்க் கடையில்தான் நின்றாள், ஜன்னலால் எட்டிப் பார்த்தாலே தெரிவாள்.

விஷயம் தெரியாத இளம் உத்தியோகத்தர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பயிற்சி நெறிக்கு அரசாங்க நிதி கிடைக்க வேண்டுமென்றால் நிலையம் பதிவாகியிருக்க வேண்டும். பாடத்திட்டம் தேசியத் தரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். போதனாசிரியருக்குச் சான்றிதழ் வேண்டும், இத்தனை பயிலுநருக்கு இத்தனை மெஷின் என்று ஒரு கணக்கும் உண்டு. தீயணைப்புக் கருவியும் வேண்டும். அது எங்களிடம் இருந்தது. எப்படித் திறப்பது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் இருந்தது.

இவ்வளவும் சரியாக வந்த பிறகு கடைசியாக ஒரு நிபந்தனை. முந்தைய பெட்ச்சில் ஒன்பது பேராவது வேலையில் இருக்க வேண்டும். இருக்கிறார்களா என்று கந்தோரிலிருந்தே வீட்டுக்கு டெலிபோன் எடுத்துக் கேட்பார்கள்.

கேட்டிருக்கிறார்கள். சிங்களத்தில், கந்தோர் நம்பரிலிருந்து. எங்கள் தாய்மார் ஏமாறுவார்களா? "ரஸ்ஸாவக் நே" என்று, அதாவது வேலையொன்றும் இல்லையென்று, பதினாலு வீட்டிலும் ஒரே பதில். ஒரு தகப்பன், மகள் கனடா போய்விட்டாள் என்றே சொல்லியிருக்கிறார். எதிர்க் கடையில் நின்ற பிள்ளையின் தகப்பன்தான் அவர்.

2. கலைவாணி

அன்று பின்னேரமே கலைவாணி வந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, ஒரு புடவைக் கடையில் சேல்ஸில் நின்றவள். பயிலுநருக்கு அரசாங்கம் தரும் நாள் கொடுப்பனவு கிடைத்தால்தான் அவளால் படிக்க முடியும். "அது உறுதி தங்கச்சி, நீங்கள் வாங்கோ" என்று நான்தான் வாய் கொழுத்துச் சொல்லியிருந்தேன்.

"சார், கடையில சொல்லிட்டு நின்னுட்டேன். அங்க வேற புள்ளய எடுத்துட்டாங்க. இப்ப வகுப்பு இருக்குங்களா, இல்லீங்களா?"

"இருக்கு, இருக்கு" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவளைப் போல இன்னும் பதினொரு பேர் காத்திருந்தார்கள். ஆனால் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவள் இவள் ஒருத்திதான். ஒன்பது பேருக்கு முதலாளிமாரின் கடிதம் காட்டினால் போதுமா என்று கந்தோரில் கேட்டேன், போதும் என்றார்கள்.

இரண்டு கிழமை கடை கடையாக ஏறி இறங்கினேன். முதலாளிமாரின் கடிதம் எட்டுக் கிடைத்தது. மற்ற முதலாளிமாரும் டெலிபோனில் பேசிய தாய்மாரின் சொந்தக்காரர்கள் போலத்தான், கையெழுத்து என்றதும் ஊரில் இல்லாமல் போனார்கள். ஒன்பதாவது ஆள் தர்ஷினி. வீட்டிலேயே சேலைச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். அவளுக்கு முதலாளி இல்லை. முதலாளி இல்லாவிட்டால் கடிதம் ஏது? நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று கந்தோரிலிருந்து நில்மினி மிஸ் வந்தார்.

3. நாலாம் மாடி

தர்ஷினி இருந்தது ஓர் அடுக்குமாடி பிளட்டில், லிப்ட் வேலை செய்யவில்லை. நாலாம் மாடிக்கு ஏறி முடிய மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் பைலை அங்கேயே மூடிவிடுவார் போலிருந்தது. தர்ஷினியின் அம்மா கதவைத் திறந்தார். சேலைத் தலைப்பில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"வேலையோ? ஐயோ மிஸ், பிள்ளை ஒரு வேலையும் செய்யிறேல்லை. சும்மாதான் வீட்டில இருக்கிறா. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

உள் அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அது பக்கத்து பிளட்" என்றார் அம்மா.

மெஷின் நின்றது. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. மறுபடி ஓடியது.

தேத்தண்ணி போட அம்மா போன குசினிப் பக்கம் நானும் மெல்லப் போய், "ஏனம்மா இப்பிடிச் சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"உமக்கென்ன தம்பி! இண்டைக்கு வேலையோ எண்டு கேப்பினம், நாளைக்கு டாக்ஸ் கேப்பினம். பிறகு பிளட் கமிட்டி வந்து வீட்டில கடையோ எண்டு கேக்கும். ஓம் எண்டு சொல்லி மாட்டுப்படச் சொல்லுறீரோ?"

அப்போது பெல் அடித்தது. வந்தவர் பாமன்கடைப் பக்கத்து அன்ரி ஒருவர், கையில் பட்டுத் துணிப் பை.

"தர்ஷினி! வெள்ளிக்கிழமை கலியாணம், சட்டை முடிஞ்சுதோ?"

"பிள்ளை சும்மா பொழுதுபோக்குக்கு..." என்று அம்மா தொடங்கினார்.

"என்ன பொழுதுபோக்கு? மூண்டு கிழமையா நான் லைன்ல நிக்கிறன்!"

நில்மினி மிஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு தர்ஷினி வெளியே வந்தாள். அவளும் சிரிக்கவில்லை.

"ஒரு வருசமா ஆர் கேட்டாலும் நான் சும்மா இருக்கிறன் எண்டுதான் சொல்லுறியள் அம்மா. எனக்கும் அது காதில விழுது."

அன்ரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு மிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "அம்மா, நான் டாக்ஸ் ஆள் இல்ல. இந்தப் பிள்ளை வேலை செய்யிறது எண்டு நீங்க சொன்னா, இன்னும் பன்னிரண்டு பிள்ளை படிக்க ஏலும்."

அம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

"எங்க கையெழுத்து? முதல்ல என்ன எழுதியிருக்கெண்டு வாசியும்."

வாசித்தேன். மகள் சுயதொழில் செய்கிறார் என்று வீட்டார் உறுதிப்படுத்தும் படிவம். அம்மா பேனையைத் தூக்கிவிட்டு நிறுத்தினார்.

"நல்லாத் தைப்பா எண்டும் எழுதலாமோ?"

"அதுக்கு இடமில்லை அம்மா."

"ஓரத்தில எழுதும்."

மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். எழுதினேன். தர்ஷினி அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்ரியின் சட்டையை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

4. பிறகு

அந்த ஓரத்து வரியோடுதான் பைல் போனது, அனுமதியும் வந்தது. கலைவாணி முதல் நாளே மூன்றாம் நம்பர் மெஷினில் போய் அமர்ந்துகொண்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், ஆனா இனிமே யாருக்கும் உறுதின்னு சொல்லாதீங்க" என்றாள். அதன் பிறகு நான் சொன்னதில்லை.

பிழை தாய்மாருடையது அல்ல, என்னுடையது. பதினைந்து வீட்டு நம்பரையும் வாங்கிப் பைலில் போட்டேனே தவிர, ஏன் டெலிபோன் வரும் என்று ஒரு வீட்டுக்கும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு பெட்ச்சின் முதல் நாளும் பெற்றோரைக் கூப்பிட்டுவிடுவேன். பிள்ளைகள் ஊசியில் நூல் கோர்க்கப் பழகுவதற்கு முன்பே பெற்றோர் டெலிபோனில் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் சோதித்துப் பார்க்கும் ஆசை வந்தது. புது நம்பரிலிருந்து தர்ஷினி வீட்டுக்கு எடுத்து, என் அரைகுறைச் சிங்களத்தில், மகளுக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், இருக்கு" என்று தமிழிலேயே வந்தது பதில். "என்ர மகள் டெய்லர். ஆனா இந்த மாதம் ஒண்டும் ஏலாது, ஓடர் நிரம்பிட்டுது. பேரைச் சொல்லும், எழுதி வைக்கிறன்."

வேறு வழியில்லாமல் மனைவியின் பெயரைச் சொன்னேன்.