சொந்தமாகும் முன்பே பழுதுபார்த்த வீடு

என் தம்பி ரமிரோ கேசாதா டைல்ஸ் பதிப்பவன். ஃபீனிக்ஸ் நகரின் மேற்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடங்களாக முட்டி தேய வேலை செய்தவன். கோணலாக இருக்கும் எதையும் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உணவகத்தில் மேசை ஆடினால், சாப்பாடு வருவதற்குள் ஒரு காகிதத்தை மடித்து அதன் காலுக்கு அடியில் வைத்துவிடுவான். அந்தக் குணம்தான் அவனுக்கு வீடு கிடைக்காமல் செய்தது என்று எங்கள் சொந்தக்காரர்களே சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இரண்டாயிரத்துப் பத்து ஏப்ரலில் வெண்டல் ப்ரூயிட் என்ற எலக்ட்ரீஷியன் தன் வீட்டை விற்க முயன்றுகொண்டிருந்தார். வங்கிக்கு அவர் கட்டவேண்டிய பாக்கி இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டாலர். ஊரெல்லாம் வீட்டு விலை சரிந்திருந்த நேரம், வீடு போகும் விலையோ அதில் பாதிகூட இல்லை. மீதியை விட்டுக்கொடுக்க வங்கி சம்மதித்தால்தான் விற்க முடியும். இதற்கு ஷார்ட் சேல் என்று பெயர். ரமிரோ தொண்ணூற்று நான்காயிரத்துக்குக் கேட்டான். ப்ரூயிட் அன்றே கையெழுத்துப் போட்டார். ரமிரோவின் மனைவி இலியானா கேக் வாங்கி வந்தாள். எங்கள் ஆட்கள் இப்படித்தான், இரண்டு பேர் கைகுலுக்கிக் கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துவிடுவோம். சரி என்று சொல்லவேண்டிய வங்கி அந்த மேசைப் பக்கம் வரவே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவள். ஆனாலும் ஒப்பந்தத்தை வரிக்கு அடியில் அளவுகோல் வைத்து முழுவதும் வாசித்தேன். ஷார்ட் சேலுக்கென்று தனியாக ஓர் இணைப்புத் தாள் இருந்தது. வங்கியின் சம்மதக் கடிதம் வரும்வரை வாங்குபவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். முன்பணத்தை அந்தக் கடிதம் வந்த பிறகு கட்டினால் போதும். வங்கி வேறு விலை சொன்னால், ஏற்கலாம், எதிர்விலை சொல்லலாம், அல்லது விலகலாம். அதற்கு ஐந்து நாள் அவகாசம். எல்லாம் நமக்குச் சாதகம்தானே என்று நினைத்தேன். எவ்வளவு நாள் ஆகும் என்று எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்த ஏஜென்ட் கென்ட்ராவிடம் கேட்டதற்கு, அதிகம் போனால் மூன்று மாதம் என்றாள். எழுதித் தரச் சொன்னேன். சிரித்தாள்.

ஜூன் முடிந்தது. ப்ரூயிட் தன் அண்ணன் வீட்டுக்குக் குடிபோகும்போது, காலி வீட்டில் செம்புக் கம்பி திருடுகிறவர்கள் புகுந்துவிடுவார்கள், பார்த்துக்கொள் என்று சாவியை ரமிரோவிடம் கொடுத்தார். நீச்சல் குளம் பச்சைப் பாசி பிடித்துக் கொசு அடைந்து கிடந்தது. அதைச் சுத்தம் செய்யத்தான் ரமிரோ முதலில் போனான். பிறகு கூரைமேல் இருந்த ஏர்கூலரின் பம்பை மாற்றினான். அடுத்து சமையலறைத் தரை.

"இன்னும் அது உன் வீடு இல்லடா" என்றேன்.

"ரெண்டு டைல்தான்க்கா. தட்டினா உள்ள பொள்ளலா கேக்குது. எப்படி விட்டுட்டு வர்றது?"

அந்த இரண்டு டைல் ஆகஸ்டுக்குள் குளியலறை தவிர வீடு முழுவதற்கும் ஆயிற்று. இலியானா மகள்களின் அறைக்கு வெள்ளை அடித்தாள். கென்ட்ரா ஒருநாள் வந்து தரையைப் பார்த்து, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செப்டம்பரில் எங்கள் கோப்பைப் பார்த்துவந்த வங்கி ஊழியர் வேலையை விட்டுவிட்டார். புதிதாக வந்தவள், வீட்டின் பழைய விலை மதிப்பீடு காலாவதியாகிவிட்டது என்று, புதிதாக மதிப்பிட ஒருவரைக் கேமராவோடு அனுப்பினாள். கதவைத் திறந்து அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்தது ரமிரோதான். அவர் தரையைக் காலால் தட்டிப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். நான்தான் என்று இவன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறான்.

அக்டோபரில் கடிதம் வந்தது. ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் என்றால் வங்கிக்குச் சம்மதம். பத்தொன்பதாயிரம் கூடுதல்.

நான் விடவில்லை. பாசி பிடித்த குளம், உடைந்த தரை, எல்லாவற்றையும் முன்பே தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தேன். அவற்றையும் சிமென்ட் முதல் பெயின்ட் வரை அத்தனை ரசீதுகளையும் வரிசைப்படுத்தி, பழைய விலையையே எதிர்விலையாக எழுதி, முப்பத்தொரு பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினேன். மூன்றாம் நாள் வங்கிக்காரி போனில் கிடைத்தாள்.

"படமெல்லாம் பாத்தோம் மேடம். இப்ப வீடு எப்படி இருக்கோ அதுக்குத்தான் விலை."

"அப்படி ஆக்கினது என் தம்பி."

"அவரை யாரு பண்ணச் சொன்னா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு மாதம் ஒரு காகிதத்தைப் புரட்டத் துப்பில்லாதவர்கள், ஒருவன் முட்டி போட்டு உழைத்ததற்கு அவனிடமே விலை கேட்கிறார்கள். கென்ட்ரா, ஏற்றுக்கொள்ளுங்கள், மாதத் தவணை நூறு டாலர்தான் கூடும் என்றாள். அவள் கமிஷனும்தான் கூடும். வீட்டைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டேன். "நான் ஏஜென்ட், காவலுக்கு இருக்கிறவ இல்ல" என்றாள்.

ஐந்தாம் நாள் ரமிரோவின் வாடகை வீட்டில் தாளை விரித்து வைத்தோம். என் சேமிப்பு ஆறாயிரத்தையும் தருகிறேன், ஏற்றுக்கொள் என்றேன். இலியானா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வேலைக்கு நானே காசு குடுக்கணுமாக்கா?"

"பொண்ணுங்களுக்கு ஒரு வீடுடா. வறட்டு கௌரவம் பாக்காதே."

"கௌரவம்தான். உன்னைப் பாத்து வளந்தவன்தானே நான்."

விலகுகிறேன் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். நான் கத்தியது பக்கத்து வீடுவரை கேட்டிருக்கும்.

ஜனவரியில் வங்கி, ப்ரூயிட்டின் கடன் பாக்கிக்காக அந்த வீட்டை ஏலத்தில் விட்டது. பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பார்த்தேன். எண்பத்தோராயிரம். எங்கள் தொண்ணூற்று நான்கு போதாது என்றவர்கள், யாரோ ஒரு கம்பெனிக்கு அதைவிடப் பதின்மூன்றாயிரம் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வங்கிக்குப் போன் செய்து, இதற்குச் சம்மதித்தது யார் என்று கேட்டேன். கோப்பு முடிந்துவிட்டது என்றார்கள்.

ரமிரோவிடம் சொன்னேன்.

"அந்த வீட்டுல குளியலறைத் தரை இன்னும் பாக்கிக்கா. கம்பெனிக்காரன் கூப்பிட்டா போய்ப் போட்டுக் குடுப்பேன். கூலி வாங்கிட்டு."

போக விடமாட்டேன் என்றேன். அவன் போவான் என்று எனக்குத் தெரியும்.