பேசாத மாமியார் சொல்லிக்கொடுத்த கேக்

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலைச் சரிவில் ஒரு சிறிய ஏலக்காய் எஸ்டேட்டில் நான் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவன் இல்லை. ஆட்கணக்கும் காய்க்கணக்கும் எழுதுகிறவன். கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

கல்யாணம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். நான் சிலமலை என்கிற ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். என் மனைவி, போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் ஒரே பெண். எஸ்டேட் காயை அவள் அப்பாவிடம் கொண்டுபோய்ப் போடப் போன இடத்தில் பழக்கமாகி, ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டுச் சமாதானமாகிவிட்டார்கள். மாமனாரும் பஜாரில் என்னைக் கண்டால், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "புள்ள நல்லாருக்காளா?" என்று கேட்பார். மாமியார்தான் அசையவில்லை. "என் கையால அந்த வீட்டுக்கு ஒரு பொட்டுத் தண்ணி போகாது" என்று சொன்னவர், சொன்ன சொல்லில் நின்றார்.

அந்த வருஷம் மலையில் விடாத மழை. என் மனைவிக்கு மசக்கை. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வரும். வெந்நீர் குடித்தால் வெந்நீர் வெளியே வரும். எஸ்டேட்டில் வேலை பார்த்த பெண்கள் மாங்காய், புளி, நார்த்தங்காய் ஊறுகாய் என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் தங்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், எழுந்து நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. எனக்கு உள்ளூரப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் படுத்திருந்தவள், "எங்கம்மா செய்ற எலுமிச்சம்பழக் கேக்கு ஒரு துண்டு இருந்தாத் தின்னுருவேன்" என்றாள். உடனே, "சும்மாச் சொன்னேன், விடுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை காய் மூட்டை ஏற்றிய ஜீப்பு போடிக்கு இறங்கியது. அவளுக்குத் துணைக்கு ஆள் வைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். மூட்டைகளை இறக்கியதும் டிரைவர், "மழை வலுக்குறதுக்குள்ள மேல ஏறணும் அண்ணே. சோலிய முடிச்சுட்டு வெரசா வாங்க" என்றார்.

மாமனார் வீட்டுக் கதவைத் திறந்தது மாமியார். என்னைப் பார்த்தார். கதவை மூடவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மாமனார் பாதி எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார்.

அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் உரக்கவே சொன்னேன். "மாமா, அவ முழுகாம இருக்கா. எதைத் தின்னாலும் வயித்துல நிக்க மாட்டேங்குது. அத்தை செய்ற எலுமிச்சம்பழக் கேக்குன்னாத் தின்னுருவேன்னு சொன்னா."

உள்ளே உருண்டுகொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"என் கையால ஒண்ணும் போகாதுன்னு சொன்னது சொன்னதுதான். வேணுங்கிறவங்க தன் கையால செஞ்சு கொண்டுபோகட்டும். அந்தாளக் கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

மாமனார் என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, "கையக் கழுவிட்டு வரச் சொல்றா" என்றார்.

எனக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் சமையலில் ஒன்றும் தெரியாது. அடுப்படி வாசற்படியில் மாமனார் உட்கார்ந்துகொள்ள, மாமியார் சுவரைப் பார்த்து நின்றபடி உத்தரவு போட்டார். வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் ஒரு கும்பாவில் போட்டு மரக் கரண்டியால் அடிக்கச் சொன்னார். அடித்தேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது.

"ஒரே பக்கமாச் சுத்தச் சொல்லுங்க. மாத்தி மாத்திச் சுத்துனா மாவு பொங்காது."

"ஒரே பக்கமாச் சுத்தணுமாம்" என்றார் மாமனார்.

அப்புறம் முட்டை. இரண்டு ஓட்டுத் துண்டுகள் உள்ளே விழுந்தன. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரிந்ததோ! "ஓட்டை எடுக்கச் சொல்லுங்க, தின்னப்போறது எம்பொண்ணு" என்றார். எலுமிச்சைத் தோலைத் துருவும்போது விரல் முட்டியையும் சேர்த்துத் துருவிக்கொண்டேன். "மஞ்சத் தோலு மட்டும்தான். வெள்ளை சேந்தாக் கசக்கும்" என்று வந்தது அடுத்த உத்தரவு. மைதாவும் ஆப்பச் சோடாவும் சலித்துப் போட்டு, கடைசியில் சாறு பிழிந்து கலந்தேன். தலை, மீசை, சட்டை எங்கும் மாவு. மாமனார் இப்போது ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வதை விட்டுவிட்டு, பாட்டுக்குத் தாளம் போடுகிறவர் மாதிரி கையை மட்டும் என் பக்கம் ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

அவர்கள் வீட்டில் கேக்குக்கென்று செங்கல் மாதிரி நீளமான ஒரு தகர டப்பா இருந்தது. அதில் நெய் தடவி மாவை ஊற்றினேன். கரியடுப்பில் பெரிய அண்டாவை வைத்து, அடியில் மணல் பரப்பி, நடுவில் டப்பாவை இறக்கி, மூடிமேல் தணலை அள்ளிப் பரப்ப வேண்டும். எல்லாம் செய்து முடித்துவிட்டு மூவரும் காத்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காத்திருப்பது சுலபமில்லை. மெல்ல மெல்ல வீடு முழுக்க வாசனை எழுந்தது. மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று நான் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஜீப்பு ஹாரன் அடித்தது. "அண்ணே, மேகம் எறங்கிருச்சு! இப்பப் போகலைன்னா நாளைக்குத்தான்!"

எனக்குப் பதறிவிட்டது. இன்னொரு ராத்திரி அவளை அப்படியே விட முடியாது. வெந்ததோ வேகலையோ, எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று துணியைச் சுற்றிக்கொண்டு மூடியில் கையை வைத்தேன்.

"தொறக்காதீங்க மாப்ளே! நடுவுல அமுங்கிப் போயிரும்!"

மாமனார் பழக்கதோஷத்தில், "தொறக்க வேண்டாம்னு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். மாமியார் என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். அவர் முகம் சிவந்துபோயிற்று.

மாமனார்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் போய் அந்த டிரைவருக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்துப் பேசிட்டிருக்கேன். நீங்க மெதுவா வேக வைங்க."

ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, குச்சியில் மாவு ஒட்டவில்லை என்றானதும் கேக்கை இறக்கினோம். சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாற்றைச் சூட்டோடு மேலே ஊற்றச் சொன்னார், என்னைப் பார்த்தே. துணியில் சுற்றித் தருவார் என்று கையை நீட்டினேன். தரவில்லை. ஒரு பைக்குள் இரண்டு சேலையைத் திணித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சூடு ஆறாத கேக்கு. ஜீப்பு குலுக்குற குலுக்குல ஒடஞ்சு போகும். உங்களுக்கெல்லாம் பிடிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, முன் சீட்டில் ஏறி, கேக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. அங்கே ஆரம்பித்தார். "வயித்துப் புள்ளக்காரிய மலையில வச்சுக்கிட்டு இம்புட்டு நாளா ஒரு வார்த்தை சொல்லிவிடணும்னு தோணலையா மாப்ளே?" ஒன்றரை வருஷத்துத் திட்டையும் எஸ்டேட் வாசல் வரை திட்டித் தீர்த்தார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. டிரைவர் மட்டும் எனக்காகப் பரிதாபப்பட்டார்.

என் மனைவி ஜீப்புச் சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "எதுக்கு எந்திரிச்சு வந்த ஆத்தா? உக்காரு. இது உம்புருஷன் செஞ்சது. நல்லாருக்கோ இல்லையோ, தின்னு" என்றார் மாமியார். அவள் என் மீசையில் காய்ந்திருந்த மாவைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. அடி லேசாகக் கருகியிருந்தது. ஒரு ஓரத்தில் ஓட்டுத் துண்டு ஒன்று பல்லில்கூட நெரிபட்டது. இரண்டு துண்டு தின்றாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கேக் வயிற்றில் தங்கிவிட்டது. மாமியாரும் மழை விடும்வரை எங்களோடு தங்கிவிட்டார்.

அன்றைக்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. பழைய பேச்சை எடுக்கவும் இல்லை. மனஸ்தாபம் வந்த இரண்டு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் கூடச் சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டால் பேச்சு தானாக வந்து சேரும் என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.