பிலோமினாவின் கிண்ணம்

எதையும் எறிவதற்குக் கை வராத மனுசி என்று தவமலரைப் பற்றி அவருடைய மகள் சாருஜா சொல்வாள். பொய் இல்லை. கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுவிட்டு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடிக்கு வந்தபோது, லொறியில் ஏறிய சாமான்களில் பாதி பாத்திரம். மீதிப் பாதி, அந்தப் பாத்திரங்களைச் சுற்றியிருந்த பழைய சேலை. சாருஜா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது பிளாட். மியூசியம் இல்லை."

"பாத்திரம் இல்லாட்டி பக்கத்து வீட்டுக்கு எதிலை குடுத்தனுப்புறது?" என்று கேட்டார் தவமலர். பக்கத்து வீடு என்று ஒன்று இருக்கும், அங்கே கொடுத்தனுப்ப ஒரு நாள் வரும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

காரணம், கொட்டாஞ்சேனை அவரை அப்படிப் பழக்கியிருந்தது. ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒரே சுவரின் இந்தப் பக்கம் தவமலரும் அந்தப் பக்கம் பிலோமினாவும் இருந்தார்கள். இருவருக்கும் புறக்கோட்டையில் ஒரே துணிக்கடைக் கந்தோரில் தட்டெழுத்து வேலை. தவமலர் வீட்டில் முட்டைகூட உடைக்காத சைவம். பிலோமினா வீட்டிலோ மீன் இல்லாத நாள் பெரிய வெள்ளி மட்டும்தான், அன்றைக்கும் மனசுக்குள் மீன்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் பாத்திரம் போய் வருவது எப்படி? பிலோமினா அதற்கு ஒரு வழி செய்தார். மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைப் புதிதாக வாங்கி, அடியில் 'பிலோ' என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுவித்து, மீன் வாடை படாமல் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். அது தவமலருக்கு மட்டுமே ஆன கிண்ணம்.

அதில் பொங்கல் போனால் சீனி வரும். கொழுக்கட்டை போனால் முருங்கையிலை வரும். ஒன்றும் இல்லாத மாதக் கடைசியில் ஒரு தேசிக்காய் உள்ளே உருண்டுகொண்டு வரும். பாத்திரத்தை மட்டும் யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. கொடுத்தால் அந்த வீட்டோடு போக்குவரத்து முடிந்தது என்று அர்த்தம். அதனால் எந்த நேரமும் யாராவது ஒருத்தி மற்றவளுக்குக் கடமைப்பட்டே இருந்தாள். அந்தக் கடமை தீராதபடி பார்த்துக்கொள்வதில் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள்.

கொட்டாஞ்சேனையைப் பூங்காவனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மழை பெய்தால் வாய்க்கால் நாறும், எலி பூனையை விரட்டும். ஆனால் தவமலர் வீட்டுக் குப்பைவாளியில் மரக்கறித் தோலைத் தவிரப் பெரிதாக ஒன்றும் விழாது. போத்தலும் பேப்பரும் வாங்குகிறவன் கிழமைக்கு ஒரு தடவை வருவான். சாப்பாட்டுக் கடைக்கு அடுக்குச் சட்டி போகும், சந்தைக்கு ஓலைப்பை போகும். சுற்றாடலைக் காப்பாற்றுகிறோம் என்று அன்றைக்கு ஒருவரும் மார்தட்டவில்லை. வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளித்தார்கள், அவ்வளவுதான்.

பிலோமினா இறந்த கிழமையில் அந்தக் கிண்ணம் தவமலர் வீட்டில் நின்றது. அவருடைய முறை. உள்ளே எதைப் போட்டு, யாரிடம் கொடுப்பது? பிள்ளைகள் எல்லாம் இத்தாலியில். அழுதழுது அதைக் கழுவித் துடைத்து, தன் பாத்திரங்களோடு வைத்துக்கொண்டார்.

வெள்ளவத்தைக்கு வந்த ஆண்டு ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை அவித்தார். ஐந்தாம் மாடியில் எதிர்க்கதவு மட்டும்தான் அவருக்குச் சிரித்த கதவு. அங்கே நிம்றா என்ற முஸ்லிம் பிள்ளை, கணவனோடும் ஒரு கைக்குழந்தையோடும் இருந்தாள். லிப்ட்டில் கண்டால், "என்ன ஆன்டி, மார்க்கெட்டுக்கா?" என்று கேட்பாள். அலுமாரி நிறையப் பாத்திரம் இருக்க, தவமலரின் கை பிலோமினாவின் கிண்ணத்துக்குத்தான் போனது. சும்மா கிடந்த கிண்ணம் மறுபடி ஒரு வாசல் கடக்கட்டும் என்று ஆசை. கொழுக்கட்டையை நிறைத்து, மூடி, எதிர்க்கதவில் கொடுத்துவிட்டு வந்தார்.

கிண்ணம் திரும்பி வரவில்லை.

முதல் கிழமை, பிள்ளைக்குக் குழந்தையோடு நேரமில்லை என்று நினைத்தார். அடுத்த கிழமை, மறந்திருப்பாள் என்று நினைத்தார். ஆவணி பிறந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். தண்ணீர் பில் கொண்டு வந்தவனும் பேப்பர்க்காரனும்தான் நின்றார்கள். வாய் திறந்து கேட்கவும் முடியவில்லை. கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்குவது, கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது மாதிரி. லிப்ட்டில் நிம்றாவும் ஏதோ சொல்ல வந்து, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றுவிடுவாள். கிண்ணத்தை எறிந்துவிட்டாள், அதுதான் முழிக்கிறாள் என்று தவமலர் முடிவு கட்டினார். பிலோமினாவை இரண்டாம் முறை சாகக் கொடுத்தது போல இருந்தது அவருக்கு.

பாமன்கடை வீட்டிலிருந்து வந்த சாருஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இந்தக் காலத்திலை ஆரம்மா பாத்திரத்திலை குடுக்கினம்? டப்பாவிலை போட்டுக் குடுத்தா உங்களுக்கும் தலையிடி இல்லை, அவைக்கும் தலையிடி இல்லை. திருப்பித் தர வேண்டாம்" என்றாள். காலி வீதிக் கடையிலிருந்து சிவப்பு மூடி போட்ட பிளாஸ்ரிக் டப்பாக்கள் ஒரு கட்டும் வாங்கி வந்தாள். கோபத்தில் இருக்கிறவருக்கு எந்த யோசனையும் நல்ல யோசனைதான். தீபாவளிக்குப் பயற்றம் பணியாரமும் முறுக்கும் அந்த டப்பாக்களில் மாடி மாடியாகப் போயின.

எதிர்க்கதவில் டப்பாவை நீட்டியபோது நிம்றா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "கிண்ணம் வேணாமா ஆன்டி?" என்று கேட்டாள். எறிந்ததை மழுப்பத்தான் கேட்கிறாள் என்று தவமலருக்குப் பட்டது. "பரவாயில்லைப் பிள்ளை, இதைத் திருப்பித் தரத் தேவையில்லை" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னார். அன்றோடு எதிர்க்கதவின் சிரிப்பும் நின்றது.

கார்த்திகை மழை வழக்கம் போலச் சொல்லிக்கொள்ளாமல் வந்தது. கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வழி தெரியாமல் தொடர்மாடியின் கீழ்த்தளத்துக்குள் ஏறி, கார்களின் சில்லை நனைத்து, லிப்ட்டை நிறுத்தியது. கீழே, உக்கும் குப்பை இது, உக்காத குப்பை இது என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டிய தாள் நனைந்து தொங்கியது. அதற்குப் பக்கத்தில் நாலைந்து ஆண்கள் கம்பி போட்டு வாய்க்காலைக் குத்த, சோப்பிங் பைகளும் போத்தல்களும் வந்தன. பிறகு சிவப்பு மூடிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று வந்தன. திருப்பித் தரத் தேவையில்லை என்று கொடுத்த டப்பாக்கள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்திருந்தன.

மார்க்கெட்டிலிருந்து வந்து படியடியில் நின்ற தவமலருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இவ்வளவு காலம் ஓலைப்பையோடு திரிந்த மனுசி, ஒரே ஒரு தீபாவளியில் வாய்க்காலை அடைத்துவிட்டாரே. மரக்கறிப் பையை எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியேறினார். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். பின்னால் குழந்தையோடு ஏறி வந்த நிம்றா தாண்டிப் போகப் பார்த்தாள், போகாமல் நின்றாள்.

"ஆன்டி, தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேண்டாம் பிள்ளை. நீங்கள் போங்கோ."

நிம்றா போகவில்லை. குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, படியைப் பார்த்தபடியே கேட்டாள். "ஆன்டி, கேட்டாக் கோவிக்கக் கூடாது. எங்கட கை பட்ட கிண்ணம் எண்டுதானா நீங்க திருப்பி எடுக்கல்ல? அதுக்காகத்தானா எறியிற டப்பாவில தந்த?"

தவமலருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் ஊர் வேலி ஒன்று கண்முன் வந்தது. சின்ன வயதில் கொக்குவில் வீட்டின் பின்வேலியில் சிரட்டைகள் செருகிக் கிடக்கும். வேலைக்கு வருகிற சிலருக்கு அதில்தான் தேத்தண்ணி வார்ப்பார்கள். குடித்ததும் அவர்களே தூர எறிந்துவிட்டுப் போவார்கள். திருப்பித் தரத் தேவையில்லை. அதே சொல்லை, அதே முகத்தோடு, இந்தப் பிள்ளையின் வாசலில் நின்று தானும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது அவருக்குக் கூசியது.

"என்ரை கடவுளே. இல்லைப் பிள்ளை. நீங்கள் அதை எறிஞ்சுபோட்டியள் எண்டு நான் நினைச்சன்."

"எறியிறதா? அலுமாரிக்கு மேல வச்சி ஈக்கி. வெறுமையாத் தரக் கூடாது எண்டு எங்கட உம்மாவும் சொல்லுவா. எங்கட சட்டி எல்லாத்திலயும் இறைச்சி ஆக்கின. நீங்க சைவம். என்னத்தப் போட்டுத் தார எண்டு தெரியாம வச்சிட்டு ஈந்தன்."

தவமலர் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். ஒரு தேசிக்காய் போதும் என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்கப் போகிறார்கள்? மீன் படாத கிண்ணம் ஒன்றைச் சாமிப் படத்தடியில் வைத்துக் காத்தவளோடு அரை ஆயுள் வாழ்ந்த தனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

நிம்றாவின் வீட்டில் கிண்ணம் வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. அடியில் 'பிலோ' அப்படியே இருந்தது. மூடியைத் திறந்தால், உள்ளே நிறையப் பேரீச்சம்பழம்.

"தீபாவளிக்கு முந்தி எங்கட மூத்த நானா கட்டார்ல இருந்து கொண்டு வந்த. பெட்டிய உடைச்சி நேர இதுக்குள்ளதான் போட்ட. கொண்டு வர ஈக்கக்கொள்ள நீங்க டப்பாவோட வந்திட்டீங்க."

தவமலர் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிலோமினாவின் வீட்டில் அழுவது போல, மூக்கைச் சிந்தி, வெட்கமில்லாமல் அழுதார். நிம்றா குசினிக்குப் போனாள். இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில், புதுக் கட்டைப் பிரித்து எடுத்த கடதாசிக் கப் ஒன்றில் தேத்தண்ணி ஆவி பறந்தது.

"புதுசு ஆன்டி. ஒண்டும் படாதது. குடிச்சிட்டு எறிஞ்சாச் சரி."

தவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். "இது வேண்டாம் பிள்ளை. நீங்கள் குடிக்கிற கப்பிலை தாங்கோ."

"அது எங்கட கப், ஆன்டி."

"ஓம். அதிலைதான் கேக்கிறன்."

நிம்றா நீட்டிய கப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே போய், நீலப்பூப் போட்ட, விளிம்பில் சற்று உடைந்த பீங்கான் கப் ஒன்றில் மாற்றி ஊற்றிக்கொண்டு வந்தாள். தவமலர் இரண்டு கையாலும் வாங்கினார். பிலோமினா போன பிறகு இன்னொரு வீட்டுக் கப்பில் அவர் குடிக்கும் முதல் தேத்தண்ணி அது. சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது. அதை அவர் சொல்லவில்லை.