ரெண்டு கரண்டி வெண்ணெய்

காக் பாக்கியத்தைப் பத்தி யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்றது இதுதான். அந்தப் பொம்பளை மேல எனக்குப் பொறாமை. வருத்தம், மனஸ்தாபம்னு நல்ல பேரு வச்சு மூடி மறைக்க மாட்டேன். பொறாமைதான்.

அவ கம்போங் செட்டியில, செட்டி ஆளுங்க குடியிருப்புல, இருந்தா. நாங்க காஜா பெராங் ரோட்டுக்கு இந்தப் பக்கம். செட்டி ஆளுங்களுக்குச் சாமியும் கோயிலும் பேரும் நம்ம தமிழ் இந்துக்களுக்கு இருக்கிற மாதிரிதான், பேச்சு மட்டும் மலாய். பாக்கியத்துக்குத் தெரிஞ்ச தமிழை விரல்விட்டு எண்ணிடலாம். கெபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் கட்டிக்கிட்டு நெத்தி நிறைய திருநீறு பூசியிருப்பா. மலாய்ல அக்காவுக்குக் காக். ஊரே அப்படிக் கூப்பிட்டதால ரெண்டு வயசு மட்டும் சின்னவளான நானும் அப்படியே கூப்பிட்டேன். வீட்லயே பலகாரம் செஞ்சு வித்துப் பிழைச்சா. புருஷன் தம்பிராஜாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் தண்டவாளம் போட லாரியில ஏத்திட்டுப் போனான். அந்த மனுஷன் திரும்பி வரவே இல்ல.

அதே லாரியில போனவர்தான் என் வீட்டுக்காரர் சவரிமுத்து. இவர் திரும்பி வந்தார். வாசல்ல நின்னப்ப யாரோ பிச்சைக்காரர்னு நினைச்சு நான் அரிசி எடுக்க உள்ள போனேன். ஆளு தேறினார், தண்ணி மீட்டர் படிக்கிற வேலையும் கிடைச்சுது. வயிறு மட்டும் தேறல. எதைத் தின்னாலும் நாலு நாள் நல்லா இருந்தா மூணு நாள் படுக்கை. சயாம் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார். பொதுவா வீட்லயே அவர் பேச்சு நாலு வார்த்தைக்கு மேல போகாது. சோறு போடு, தண்ணி வை, அவ்வளவுதான். பிள்ளை குட்டி இல்லாத வீடு வேற. சில நாள் நான் சுவரோடதான் சண்டை போட்டுக்கிட்டு இருப்பேன்.

என் கையில ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. நாங்க வேதக்காரங்க. கிறிஸ்மஸ் வந்தா என் வெண்ணெய் பிஸ்கோத்துக்குக் கோயில்ல பேரு. டின் வெண்ணெய், நல்ல கோதுமை மாவு, சீனி. பூசை முடிஞ்சதும் சாமியாரே வாயைத் திறந்து கேட்பார். என் வீட்டுக்காரரும் ஒரு தட்டு தின்னுட்டு, வயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கிடப்பார். பண்டிகைச் சாப்பாடு ஒத்துக்கலன்னு நினைச்சுக்குவோம்.

மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம்தான் விஷயம் உடைஞ்சுது. ஆகஸ்ட் மாசம், திடல்ல கூட்டம், கொடி, பாண்டு வாத்தியம். இவர் சந்தோஷத்துல ரெண்டு பெரிய பன்னும் மூணு கிளாஸ் பால் தேத்தண்ணியும் அடிச்சிருக்கார். மறுநாள் ஆஸ்பத்திரி, ஒன்பது நாள். அங்க ஒரு டாக்டர் என்னைக் கூப்பிட்டு நிதானமாச் சொன்னார். இவர் குடலுக்குக் கோதுமை ஆகாது, பால் ஆகாது, வெண்ணெயும் ஆகாது, இனி சாகுற வரைக்கும் அப்படித்தான். பன்னெண்டு வருஷமா கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் நானே ஆசை ஆசையா அவருக்கு வினை வச்சிருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அழுதேன். அழுது முடிச்சதும் ஒரு பிடிவாதம் வந்துச்சு. இந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் நோகாம என் கையால ஒரு பலகாரம் தின்னணும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அக்டோபர் மாசம் ஒரு நாள் மத்தியானம் வேலை முடிஞ்சு வந்தார். மீசையில வெள்ளையா மாவு. கிட்டப் போனா தேங்காய்ப்பால் வாசனை, பாண்டான் இலை வாசனை.

"எங்க தின்னீங்க?"

"காக் பாக்கியம் வீட்ல. குவே பங்கிட் கொடுத்தாங்க."

"வயிறு?"

"ஒண்ணும் பண்ணல."

ஒண்ணும் பண்ணலியாம். எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. பங்கிட்னா மரவள்ளி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டைக் கருவும் சீனியும் சேர்த்து அச்சுல தட்டிச் சுடுறது. கோதுமையும் இல்ல, பாலும் இல்ல. ஜப்பான்காரன் காலத்துல மூணு வேளையும் மரவள்ளியைத் தின்னுதான் உயிரைக் காப்பாத்தினோம். சண்டை முடிஞ்ச அன்னைக்கே, செத்தாலும் அந்தக் கிழங்கை வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு சொன்னவ நான். அதையே இன்னொருத்தி மாவாக்கி, பூ மாதிரி அச்சுல தட்டி, என் புருஷனுக்கு ஊட்டுறா.

அடுத்த மாசம் மீட்டர் படிக்கிற நாள் வந்ததும் பின்னாலயே போனேன். ஆமா, போனேன். மத்த வீடுங்கள்ல மூடியைத் திறந்தார், எழுதினார், சைக்கிள்ல ஏறினார். பாக்கியம் வீட்டுக்குள்ள மட்டும் அரை மணி நேரம். ஒரு மீட்டர் படிக்க அரை மணி நேரமா? வாழைமரத்துக்குப் பின்னால நின்னு பார்த்தேன். சமையக்கட்டுப் படியில உட்கார்ந்திருந்தார். பக்கத்துல பங்கிட் தட்டு. பேசிக்கிட்டே இருந்தார். கையை ஆட்டி ஆட்டி, நிறுத்தாம. என்ன பேசுறார்னு காதுல விழல. என் வீட்டுச் சுவருக்குக்கூடக் கிடைக்காத பேச்சு. அவ முகத்தை ரெண்டு கையாலும் மூடியிருந்தா, தோள் குலுங்குச்சு. சிரிக்கிறான்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்து ஒரு பானையை உடைச்சேன்.

கடையில மரவள்ளி மாவு வாங்கி நானே சுட்டேன். ஒரு தட்டு கல்லு, ஒரு தட்டு பசை. கோழிகூடக் கொத்தல. வேற வழியில்லாம, சிரிச்ச முகத்தோட பாக்கியம் வீட்டுக்கே போய்க் கேட்டேன். சொல்லித்தர மாட்டா, அதை வச்சு நாலு பேர்கிட்ட நாறடிக்கலாம்னு ஒரு கணக்கு எனக்கு. அவளோ பாயைப் போட்டு உட்கார வச்சுட்டா.

"மாவைப் பச்சையாவா போட்ட, சூசை? பாண்டான் இலை போட்டு வறுக்கணும். இலை நொறுங்கி, மாவு லேசாகி பறக்கணும். அப்புறம் அஞ்சு நாள் ஆற விடணும். அவசரப்பட்டா கல்லுதான்." இதெல்லாம் மலாய்லதான் சொன்னா. வறுத்து ஆற வச்ச மாவே ஒரு டின் எடுத்துக் கையில கொடுத்தா. "உன் வீட்டுக்காரருக்கு நீ சுட்டுக் கொடு, அதுதான் நல்லது."

அவ நல்லவளா இருந்தது எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தா நிம்மதியாப் போயிருக்கும்.

டிசம்பர் ரெண்டாவது வாரம் சுட உட்கார்ந்தேன். அடுப்பு மூடி மேலயும் கரி, கீழயும் கரி. மாவைப் பிசையறப்ப ஒரு நினைப்பு. இதை அப்படியே சுட்டா இது அவ பலகாரம்தானே, என்னோடது இல்லியே. அவளோடதைவிட ஒரு படி மேல இருக்கணும். அலமாரியில பழைய வெண்ணெய் டின் இருந்துச்சு. ரெண்டு கரண்டி போட்டேன். கொழகொழன்னு ஆனதும் ஒரு கை கோதுமை மாவு தூவினேன். இத்துனூண்டு என்ன செஞ்சிடும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். சுட்டு எடுத்தா எல்லாம் நடுவுல பிளந்திருந்துச்சு. ஆனா ருசி நல்லா இருந்துச்சு.

எட்டு தின்னார். "நல்லாருக்கு, சூசை"ன்னார். பன்னெண்டு வருஷத்துல அவர் எனக்குக் கொடுத்த பெரிய பேச்சு அது. சாயந்திரமே படுத்துட்டார். நாலு நாள் கஞ்சித் தண்ணிகூட நிக்கல. கண்ணு உள்ள போச்சு, சயாம்ல இருந்து வந்த அன்னைக்கு இருந்த முகம் திரும்ப வந்துச்சு. அஞ்சாம் நாள் கேட்டார்.

"இதுல என்ன போட்ட?"

"காக் பாக்கியம் கொடுத்த மாவுதான். அவ டின்னுல கோதுமை கலந்திருந்துச்சோ என்னமோ."

என் வாய்தான் சொல்லுச்சு. சொன்னதும் ஒரு இனிப்பு, அதையும் மறைக்க மாட்டேன். பாசார்ல கேட்டவங்ககிட்டயும் அதையே சொன்னேன். அந்த மாசம் மீட்டர் படிக்கப் போனவர் வெளியிலேயே நின்னு பார்த்துட்டு வந்துட்டார். அவ கொடுத்தா வேண்டாம்னு சொல்ல முடியாது, தின்னா வயிறு தாங்காது, அதனால உள்ள போகலன்னார். நான் ஜெயிச்சேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் இவர் கோயில்ல குடில் கட்டப் போயிருந்தப்ப, பாக்கியம் பின்வாசல்ல வந்து நின்னா. கண்ணு வீங்கியிருந்துச்சு.

"என் மாவுதான் உன் புருஷனைப் படுக்க வச்சுதுன்னு பாசார்ல பேசிக்கிறாங்க. நிஜமா? இருந்த மாவையெல்லாம் ஆத்துல கொட்டிட்டேன். நம்ம ஊர்ப் போர்த்துகீசு வீடுங்க கிறிஸ்மஸுக்குச் சொல்லி வச்சதையும் இல்லன்னுட்டேன். யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?"

அவ படியில உட்கார்ந்துட்டா.

"பலகாரம் போகட்டும், சூசை. அவரை ஒரு தடவை மட்டும் வரச் சொல்லு. ரெண்டு வருஷமா மாசத்துக்கு ஒண்ணா என் வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லிக்கிட்டு வர்றார். அங்க எப்படி இருந்தார், என்ன சொல்லிச் சிரிச்சார், பசியில படுத்துக்கிட்டு என் பங்கிட் பத்தி எப்படிப் பேசுவார்னு. மொத்தமாச் சொல்லாதே, மாசம் ஒண்ணு சொல்லுன்னு நான்தான் கேட்டேன். சொல்லி முடிச்சுட்டா என் மனுஷன் செத்துடுவாரே. இன்னும் ஒண்ணுதான் பாக்கி. எப்படிப் போனார்ங்கறது. இந்த மாசம் கேட்டுடறேன்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன்."

அன்னைக்குத் தோள் குலுங்கினது சிரிப்பு இல்லன்னு அப்பத்தான் புரிஞ்சுது. பாவமா இருந்துச்சு. ஆனா பாவத்துக்கு முன்னால வந்தது பொறாமைதான். மாசம் ஒண்ணுன்னா ரெண்டு வருஷத்துக்கு எத்தனை கதை? எனக்கு ஒண்ணுகூடக் கிடையாது.

இவர் வந்ததும் சொல்லிட்டேன். "அவ மாவுல குத்தம் இல்ல. நான் வெண்ணெய் போட்டேன்."

அடிப்பார்னு நினைச்சேன். "எத்தனை கரண்டி?"ன்னார்.

"ரெண்டு. கோதுமையும் ஒரு கை."

"ஏன்?"

"அவகிட்ட மட்டும் பேசுறீங்க."

"ஒரு வீட்லயாவது சயாம் இல்லாம இருக்கட்டும்னு நினைச்சேன், சூசை. நான் படுக்கிற வீடு இது." அப்புறம், "நாளைக்கு நீயும் வா"ன்னார்.

கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிஞ்சு நேரா அங்க போனோம். அந்தப் படியில இவர் உட்கார்ந்தார், கீழ்ப்படியில நான். அந்த மாசம் பாக்கியம் இவருக்குன்னு செஞ்சு வச்ச ஒரு டின் பங்கிட் மட்டும் மூடியே இருந்துச்சு. நான்தான் முதல்ல பேசினேன்.

"காக், வெண்ணெய் போட்டது நான். பழியை உங்க மேல போட்டதும் நான்தான்."

பாக்கியம் என்னைப் பார்த்து, "பிளந்திருக்குமே?"ன்னு கேட்டா.

"பிளந்துச்சு."

"ம். வெண்ணெய் போட்டா பிளக்கும்." அதோட என்னை விட்டுட்டு அவர் பக்கம் திரும்பி, "சொல்லு"ன்னா.

சொன்னார். பேதி வந்து இவர் எழுந்திரிக்க முடியாமக் கிடந்த ஒரு வாரமும் தம்பிராஜா தன் பங்குக் கஞ்சியை இவர் வாயில ஊத்தியிருக்கார். இவர் எழுந்தார். தம்பிராஜா காய்ச்சல்ல விழுந்தார். விழுந்தவர் உடம்புல தாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டே நாள்.

"பசியோடவா போனார்?"ன்னு பாக்கியம் கேட்டா.

"ஆமா, காக்."

அவ அழல. டின்னை எடுத்து மூடியைத் திறந்து இவர் பக்கம் தள்ளினா. "மாக்கான்"ன்னா. சாப்பிடு.

இவர் கை டின் கிட்டப் போகவே இல்ல. இந்த மனுஷன் உயிரோட வந்ததுக்கு யார் பட்டினி கிடந்தாங்கன்னு எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். இத்தனை வருஷம் நான் சுவரோட சண்டை போட்டிருக்கேன். நான் டின்னுக்குள்ள கையை விட்டு ஒண்ணு எடுத்து அவர் உள்ளங்கையில வச்சேன். "சாப்பிடுங்க"ன்னேன். தின்னார். மீசையெல்லாம் மாவு.

அந்தக் கிறிஸ்மஸுக்கு அவர் நோகாம என் கையால தின்ன பலகாரம் அது ஒண்ணுதான். அதுவும் அவ செஞ்சது.