போத்தலில் இருந்த பெயர்

ஆஸ்பத்திரியில் புதிதாக ஒருவர் வந்து சேரும்போது, வீட்டில் என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டு எழுதுவது என் வேலை. "வேறை ஏதும் குளிசை போடுறியளோ?" என்று கேட்பேன். "இல்லை" என்று சொன்ன பிறகும் பேனையை மூடாமல் கொஞ்சம் காத்திருப்பேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு இது எரிச்சல். அவர்களுக்கு என் பெரியம்மாவைத் தெரியாது.

பெரியம்மா அம்மாவின் அக்கா. நீர்வேலியில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணை, நான் தவழ்கிற காலத்திலேயே கனடாவுக்குப் போய்விட்டார். அங்கே தங்குவதற்கான பேப்பர் சரிவராததால் ஊருக்கு வந்துபோக வழியில்லை. ஆனால் அங்கிருந்து யார் வந்தாலும் அவர்களுடைய பெட்டிக்குள் பெரியம்மாவுக்கு ஒரு பொட்டலம் இருக்கும். சவர்க்காரம், சொக்கிலேற், கடைசிக் காலங்களில் ஒரு செம்மஞ்சள் பிளாஸ்டிக் போத்தலில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கான குளிசையும்.

சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கிலும் குளிசை கொடுத்தார்கள். அம்மா எடுத்துக் கொடுக்க, பெரியம்மா அதைக் கடனே என்று விழுங்குவார். அண்ணை அனுப்பிய குளிசைக்கு மரியாதை வேறு. காலை ஜெபத்தில் அண்ணையின் பெயரைச் சொல்லி, ஆமென் சொன்ன கையோடு, திருவிருந்தில் அப்பம் வாங்குவது போல ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வாயில் போடுவார். அது ஜெபத்தின் ஒரு பகுதி என்றே நான் கனகாலம் நினைத்திருந்தேன்.

"ரெண்டையும் போடாதேங்கோ அக்கா" என்று அம்மா ஒருதரம் சொல்லியிருந்தார். பெரியம்மா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டுப் போத்தலைத் தலையணை உறைக்குள் மாற்றிக்கொண்டார். அது எனக்கு மட்டும் தெரியும்.

"கொம்மாட்டைச் சொல்லாதை பிள்ளை. கிளினிக்கிலை அறிஞ்சா ஏசுவினம்."

வாயை மூடியதற்கு எனக்கு வெறும் போத்தல்கள் கிடைத்தன. அமத்தித் திருப்பினால்தான் திறக்கிற அப்படியொரு மூடி எங்கள் வகுப்பில் வேறு யாரிடமும் இல்லை. அதற்குள் அழிறப்பர்த் துண்டுகளைப் போட்டுக்கொண்டு பெருமையாகத் திரிந்தேன். மேலே ஒட்டியிருந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தால் அண்ணையின் பெயர் வந்தது. அனுப்புகிறவரின் பெயரைப் போடுவது வழக்கம்தானே என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப்பையைக் கழற்றக்கூட இல்லை, பெரியம்மா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வேர்த்து நனைந்து விழுந்துவிட்டார். முன்வீட்டுக்காரரின் ஓட்டோவில் அம்மா பெரியம்மாவை ஏற்ற, பையோடு நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரத்தத்தில் சீனி அடியோடு இறங்கியிருந்தது. பெரியம்மா கண் விழித்தார், ஆனால் பேச்சு இன்னும் தெளியவில்லை.

டொக்டர் கிளினிக் கொப்பியை விரித்து, அம்மா கொண்டுவந்த குளிசைகளை ஒவ்வொன்றாக அதோடு ஒத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் அவருக்குச் சரியாகப் படவில்லை.

"இதுகளுக்குச் சீனி இப்பிடி இறங்காதே அம்மா. வேறை ஏதும் போடுறவவோ?"

"இல்லை டொக்டர். நான்தானே எல்லாம் எடுத்துக் குடுக்கிறனான்."

டொக்டர் கொப்பியை மூடவில்லை. அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவர் தலையணைக்குள் கை விடுவார் என்பதும் எனக்குத் தெரியும். புத்தகப்பையைத் திறந்து, அழிறப்பர்த் துண்டுகளை மடியில் கொட்டிவிட்டுப் போத்தலை நீட்டினேன்.

"இதையும் போடுறவ. காலமை ஜெபம் முடிய."

அவர் தாளை வாசித்தார். "இது ஆற்றை பேர்?"

"என்ரை அண்ணையின்ரை. அவர்தான் அனுப்புறவர்."

"அண்ணைக்கு எத்தினை வயசு?"

"இருபத்தெட்டு."

டொக்டர் தாளில் இருந்த மருந்தின் பெயரைக் கொப்பியில் எழுதினார். பிறகு அம்மாவைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் ஏதோ சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு இன்றைக்கு நல்ல அடி இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒருவரும் அடிக்கவில்லை. இரண்டாம் நாள் பெரியம்மா தெளிந்ததும், அம்மா கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு நெடுநேரம் அவரோடு குசுகுசுத்தார். பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. காட்டிக் கொடுத்துவிட்டேனே என்று வாட்டு வாசலில் நின்று அழுதேன். அந்த அழுகை இன்னமும் என்னிடம் மிச்சமிருக்கிறது.

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை வைபரில் கோல் எடுத்தார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"அம்மா, குளிசை போடுறியளே?"

"ஓம் தம்பி" என்பதுதான் பெரியம்மாவின் வழக்கமான பதில். அன்றைக்குப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இங்கை போதுமான அளவு தருகினம். உந்தக் குளிசையை இனி அனுப்பாதை. நீ போடடா தம்பி. ஒவ்வொரு நாளும் போடு. பட்டினி கிடவாமல் சாப்பிட்டிட்டுப் போடு."

"அங்கை இப்ப மழையோ அம்மா?" என்று அண்ணை கதையை மாற்றினார்.

சுகமாக இருக்கிற அண்ணை எதற்குப் பெரியம்மாவின் குளிசையைப் போட வேண்டும்? சீனி இறங்கியதில் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் மாறாட்டம் என்று எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். அந்தப் போத்தல்களில் அனுப்புகிறவரின் பெயரை எழுதுவதில்லை, வருத்தக்காரரின் பெயரைத்தான் எழுதுவார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெரியம்மா இப்போது இல்லை. இருந்தால் மடியில் படுத்துக்கொண்டு அந்தச் சிரிப்புக்கு மன்னிப்புக் கேட்பேன்.

அதன் பிறகு வந்த பொட்டலங்களில் சவர்க்காரமும் சொக்கிலேற்றும் மட்டும் இருந்தன. காலையில் அண்ணையின் பெயரைச் சொல்லி ஜெபம் முடிந்ததும், பெரியம்மா வெறும் உள்ளங்கையை விரித்துப் பார்த்தபடி இருப்பார். ஆமென் சொல்ல மறந்துவிட்டாராக்கும் என்று, அவருக்காக நான் ஒருதரம் சத்தமாகச் சொல்லிவைத்தேன்.