பதினேழாவது போன்

எருத்தேன்பதியிலிருந்து மீனாட்சிபுரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் பதினேழாவது போன். முதலாளி பின்னாலேயே பைக்கில் வந்து மறித்தார்.

"ஏன்டா, அரையிறுதி நடக்குது, நீ பாட்டுக்கு ரோட்டுல போறே?"

"சம்பளம் வேண்டாமுங்க. இந்த ஒரு போன் மட்டும் போதும்."

"செத்தவன் போன்தானே அது? ஒரு ஓட்டுல நம்ம தவளை தோக்கட்டும், அப்புறம் இருக்குது உனக்கு."

தவளை என்பது ஒரு கிரிப்டோ நாணயம். இப்படிப்பட்ட நாணயங்களை இணையத்தில் இரண்டிரண்டாக மோதவிட்டு, எதற்கு மக்கள் ஓட்டு அதிகமோ அதை அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். அந்த மக்கள் நாங்கள்தான். முதலாளி மாடுகளை விற்றபின் காலியான தொழுவத்தில், தீவனத் தொட்டியின் மேல் நாற்பது போன்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டைக் குத்திவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படம் அனுப்பினால்தான் ஓட்டு செல்லும். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்குச் சுலபமான வேலை. சோறும் படுக்கையும் அங்கேயே.

போன்களில் பாதி நான் கொண்டுவந்தவை. அதற்கு முன் பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், பிளாஸ்டிக் குடம் கொடுத்துப் பழைய போன் வாங்கிக்கொண்டிருந்தேன். பலர் சிம்மைக் கழற்றாமலே கொடுத்தார்கள். பதினேழாவதைக் கொடுத்த பெண், புருசன் போய் மூன்று மாதம் என்றாள்.

அந்தப் போனுக்கு மட்டும் செய்தி வந்தது. முதல் நாள், "ஆன்லைன்ல இருக்கீக." அடுத்த நாள், "இன்னைக்கும் வந்துட்டீக." பிறகு, "இங்க மஞ்ச வெயிலு அடிக்கி. அங்க எப்படி?"

போனைக் கொடுத்த அந்தப் பெண்தான் அனுப்பினாள். செத்த புருசனைக் குளிப்பாட்டி அனுப்பியவளே அவள்தான். எப்படி வந்தீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. நானும் பதில் போட்டதில்லை. போட்டி இல்லாத ஒரு நாள் போனைத் திறக்காமல் விட்டேன். "நேத்து எங்க போனீக?" என்று இருந்தது. அதன்பின் ஓட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் ஒருமுறை திறந்தேன்.

அரையிறுதி அன்று மதியம், பதினாறு போன் முடித்து அதில் விரல் வைக்கும்போது மேலிருந்து செய்தி இறங்கியது. விரல் அதில் பட்டுத் திறந்துகொண்டது. கை போன வேகத்தில், குழு என்று நினைத்து, படிக்காமலே கட்டைவிரலை அவளுக்கு அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் படித்தேன்.

"எஸ்டேட்டுல உங்க வேலைய நான் எடுத்துக்கிட்டா லயத்து வீடு நிக்கும். வேண்டாம்னு எழுதிக் குடுத்தா காலி பண்ணணும். அண்ணன் ஊருக்கு வரச் சொல்லுதாரு. எழுதிக் குடுத்துரட்டா?"

இரண்டு குறியும் நீலமாகிவிட்டன, அவள் பார்த்துவிட்டாள். "சரி. நாளைக்குக் காலையில குடுத்துருதேன்" என்று உடனே வந்தது.

நான் அவரில்லை என்று தட்டினேன். போனில் இன்னும் இருந்த அவள் புருசன் படத்தின் கீழிருந்து அந்த வரி போவதை நினைத்ததும் அழித்துவிட்டேன். நேரில் போவதென்று கிளம்பினேன்.

பொள்ளாச்சி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறிப் போனேன். குமுளியில் விடியும்போது பை அதிர்ந்தது. "கிட்டத்துல வந்துட்ட மாதிரி இருக்கு." நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

எஸ்டேட் ஆபீஸ் படியில் அவள் இறங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட என் சட்டைப் பையைத்தான் முதலில் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கை தவறிப்போச்சு அக்கா. அவரு சொல்லல, நான்தான். வாங்க, பேப்பரைத் திருப்பி வாங்கிருவோம்."

"குடுத்தாச்சு."

"கேட்டுப் பாப்போம்."

"கை உன்னுதா இருக்கும் தம்பி. உசுரோட இருக்கையில மட்டும் அவுக வாயத் தொறந்தா சொன்னாக? எது கேட்டாலும் கட்டைவிரலத்தான் காட்டுவாக."

போனை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீயே வச்சுக்க. ஊருக்குப் போயி நான் யாருட்ட பேச? ஒரு நாளைக்கு ஒருக்கா தொறந்து வை, போதும்."

மூட்டை கட்ட லயத்துக்குப் போய்விட்டாள். அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்ற என்னை, ஆபீசிலிருந்து வந்த சூப்பர்வைசர் ஏற இறங்கப் பார்த்தார்.

"செடிக்கு மருந்தடிக்க ஆள் இல்ல. நிக்கியா?"

கையில் பஸ்ஸுக்குக்கூட எதுவும் இல்லை. நிற்கிறேன் என்றேன்.

"உன் பேரு ஏற நாளாகும். அதுவரைக்கும் அந்தப் பொம்பளையோட புருசன் பேர்லயே நில்லு. அத இன்னும் ரிஜிஸ்டர்ல அடிக்கல."

தண்ணீரும் மருந்தும் நிரப்பிய பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் நின்றேன். அவள் புருசன் பேரைக் கூப்பிட்டார்கள். இருக்கேன் என்றேன்.